நடைக்குத் துணை நிற்கும் தோலுணர்வு

மரத்திலிருந்து விழுந்தோ வாகன விபத்திலோ தண்டுவடம் ஊறுபட்ட ஒருவரைக் காணும்போது, அவரால் காலை அசைக்க முடிகிறதா என்றே எல்லாரும் முதலில் கேட்கின்றனர். காலைத் தொட்டால் தெரிகிறதா என்னும் கேள்வி பின்னுக்குத் தள்ளப்படுகிறது. ஆயினும், அவர் மீண்டும் நடப்பதில் இந்த இரண்டாம் கேள்விக்கும் பெரும் பங்கு உண்டு என்பதை ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

நடையின் ஒவ்வோர் அசைவையும் மூளையே நடத்துகிறது என்று எண்ணுவது இயல்பு. கால்களை மாறி மாறி மடக்கியும் நீட்டியும் இயக்கும் அடிப்படை ஒழுங்கோ தண்டுவடத்திலேயே அமைந்துள்ளது. பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் கிரஹாம் பிரௌன் 1911-ஆம் ஆண்டில் பூனைகளைக் கொண்டு இதனை விளக்கினார். எனினும், இவ்வொழுங்கு தானாகத் தரையை அறியாது. தோல், தசை, மூட்டு ஆகியவற்றின் நரம்புகளே தரையைப் பற்றிய செய்தியைத் தண்டுவடத்துக்குக் கொண்டு வருகின்றன. நெடுநேரம் சம்மணமிட்டு அமர்ந்து, கால் மரத்தபின் எழுந்து நடந்தவர் இச்செய்தியின் அருமையை அறிவார்.

1975-ஆம் ஆண்டில் ஸ்வீடனில் நடந்த ஓர் ஆராய்ச்சி இதனை மேலும் தெளிவாக்கியது. மூளையின் தொடர்பு அறுக்கப்பட்ட பூனை, நகரும் பட்டையின்மீது நடந்தது. அதன் பாதத்தின் மேற்புறத்தைத் தொட்டபோது, கால் முன்னே வீசும் வேளையாயின் அது மேலும் மடங்கி உயர்ந்தது. தரையில் ஊன்றிய வேளையாயின் மேலும் விறைத்து நீண்டது. தொடுதல் ஒன்றே, விளைவு இரண்டு. நடையின் கட்டத்துக்கேற்பத் தோலின் செய்தியைப் பயன்படுத்தத் தண்டுவடம் அறிந்திருக்கிறது.

உள்ளங்கால் உணர்வை இழந்த தொழுநோயாளர் பலர் நடமாடுவதைக் கள ஊழியர்கள் கண்டிருப்பர். கண்ணும் மூளையும் அக்குறையை ஈடு செய்கின்றன. தண்டுவடம் ஊறுபட்டவருக்கு அந்த ஈடு எளிதில் கிட்டுவதில்லை. கனடாவின் மான்ட்ரியல் நகரில் புயே, ரொசிஞோல் என்னும் ஆராய்ச்சியாளர் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவுகள் இதனை நிறுவின. பின்னங்கால் பாதங்களின் தோல் நரம்புகளை அறுத்தபின்னும் பூனைகள் சமதரையில் ஏறக்குறைய வழக்கம்போல் நடந்தன. பின்னர்த் தண்டுவடமும் துண்டிக்கப்பட்டபோது, அவற்றால் உள்ளங்காலைத் தரையில் பதிக்க இயலவில்லை. தோல் நரம்புகளில் சிறு பகுதியேனும் எஞ்சியிருந்த பூனைகளோ பயிற்சியால் பாதத்தைப் பதித்து, உடலைத் தாங்கி நடக்கக் கற்றன.

மனிதனின் நடையில் மூளையின் பங்கு மிகுதி; ஆதலால் பூனையிற் கண்டதை அப்படியே மனிதனுக்குப் பொருத்தலாகாது. ஆயினும், ஐரோப்பிய நோயாளிகளை ஆராய்ந்து 2011-ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணிப்பு முறை கருதத்தக்கது. ஓராண்டுக்குப்பின் ஒருவர் தாமாக நடப்பாரா என்று கணிக்க, வயது, இரு தசைகளின் வலிமை ஆகியவற்றோடு இரண்டு இடங்களின் தொடு உணர்வும் அதில் கொள்ளப்பட்டது. ஓரிடம் முழங்காலின் உட்புறம். மற்றொன்று குதிகாலின் வெளிப்புறம். நோயாளி கண்களை மூடியிருக்க, பஞ்சு நுனியால் தொட்டு இதனைச் சோதிக்கின்றனர். உணர்வே இல்லையெனில் 0, குறைந்திருப்பின் 1, இயல்பாயின் 2 என மதிப்பிடப்படுகிறது.

தொடு உணர்வு எஞ்சியிருப்பது நடைக்கு உறுதிமொழி ஆகாது. நம்பிக்கைக்கு இடமளிக்கும் ஓர் அறிகுறியேயாகும். ஆகவே, "காலில் ஏதோ படுவது தெரிகிறது" என்று நோயாளி கூறினால் அதனை வீண் ஆசையென ஒதுக்காது, நாளும் இடமும் குறித்து மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். உணர்வு குன்றிய தோலில் வெந்நீராலும் அழுத்தத்தாலும் புண் தோன்றினும் வலி தெரியாது. புண் வந்தால் நடைப்பயிற்சி தடைப்படும். உள்ளங்காலையும் குதிகாலையும் நாள்தோறும் பார்க்கும்படி வீட்டாருக்குக் கற்பித்தல் நலம். எஞ்சியுள்ள உணர்வு சிறிதாயினும், அது நடைப்பயிற்சிக்கு முதலாகும். அம்முதலைக் காப்பது அருகில் இருப்போரின் கடமை.