முதற் பறப்புக்கு முன்

மனிதன் தன் கையாற் செய்யும் பொருள்களுட் பெரும்பாலானவற்றைப் பயன்படுத்திப் பார்த்த பின்னரே திருத்திக்கொள்கின்றான். புதிய கதவு நிலையில் இறுகினால் இழைப்புளி கொண்டு சீவிவிடலாம். புதிய வண்டியின் அச்சு சூடேறினால் தெருவோரத்தில் நிறுத்தி எண்ணெய் இடலாம். ஆகாய விமானத்துக்கு இந்தச் சலுகை இல்லை. வானத்தில் தெருவோரம் கிடையாது. ஆகையால், ஒருவர் தம் வீட்டிலோ கொட்டகையிலோ கட்டிய விமானத்தைப் பொறுத்தவரை, கட்டி முடிந்தது என்று தோன்றும் நாளுக்கும் முதன்முதலாகப் பறக்கும் நாளுக்கும் இடைப்பட்ட சில வாரங்களே மிக முக்கியமானவை.

விமானத்தைத் தாமே கட்டிக்கொள்ளும் வழக்கம் புதியதன்று. விமானமே அவ்வாறுதான் பிறந்தது. அமெரிக்காவில் சைக்கிள் கடை நடத்திய ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17ஆம் நாள் பறந்ததை உலகம் அறியும். அதற்கு முந்திய ஆறு வாரங்களைப் பலர் அறியார். நவம்பர் மாதத் தொடக்கத்தில் இயந்திரத்தை ஓடவிட்டுப் பார்த்தபோது சுழல்விசிறியின் தண்டுகள் பழுதடைந்தன. திருத்தி வந்த தண்டுகளிலும் அம்மாத இறுதியில் வெடிப்புக் காணப்பட்டது. இளையவர் ஓர்வில் ஊருக்குத் திரும்பி, உறுதியான உருக்கில் புதிய தண்டுகளைச் செய்வித்துக்கொண்டு டிசம்பர் 11இல் வந்து சேர்ந்தார். குளிர்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது, எனினும் வெடித்த தண்டுடன் பறந்து பார்ப்போம் என்று அவர்கள் துணியவில்லை. அந்தப் பொறுமையும் அவர்தம் வெற்றியின் ஒரு பகுதியே.

தமிழகத்திலும் இதற்குப் பழைய சான்று உண்டு. சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜியாக்கொமோ தாஞ்செலிஸ் என்பவர், தாம் வரைந்த அமைப்பின்படி சிம்சன் கம்பனியாரைக் கொண்டு ஒரு விமானத்தைக் கட்டுவித்தார். முதலிற் பல்லாவரத்தில் அதனைச் சோதித்து, பின்னரே 1910 மார்ச் மாதத்தில் தீவுத்திடலிற் பொதுமக்கள் முன் பறந்து காட்டினார். இலங்கையில், இரு சக்கர உழவு இயந்திரத்தை உருவாக்கியவராகப் பேர்பெற்ற பொறியியலாளர் றே விஜேவர்தன (1924–2010) சிறு விமானங்களைத் தாமே வடிவமைத்து, தாமே கட்டி, தாமே ஓட்டியவர். அண்மைக் காலத்தில் மும்பையில் அமோல் யாதவ் என்னும் விமானி குடியிருப்பு ஒன்றின் மொட்டைமாடியில் ஆறு பேர் அமரத்தக்க விமானத்தைக் கட்டினார். 2016இல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட அவ்விமானம் பதிவு பெற்றது 2017இல். பறந்து பார்க்க அனுமதி கிடைத்தது 2019இல். கட்டுவதற்குக் கைத்திறன் போதும். பறப்பதற்குப் பொறுமையும் வேண்டும்.

இத்தகைய விமானம் ஒன்று ஊவா மலைநாட்டிலே, அப்புத்தளையைச் சார்ந்த தோட்டமொன்றின் கொட்டகையில் முடிவுறும் நிலையில் நிற்பதாக வைத்துக்கொண்டு, அதற்கு என்னென்ன செய்யவேண்டும் என்பதைக் காண்பது பயனுடையது. தேயிலைத் தொழிற்சாலையின் உருளைகளையும் வாட்டு மண்டபத்தின் விசிறிகளையும் பழுதுபார்த்துப் பழகிய கைகளுக்கு இவ்வேலையிற் பெரும்பகுதி அந்நியமானதன்று.

முதலாவது வேலை, பூட்டுகளைப் பார்த்தல். ஓடும் இயந்திரம் நடுங்கும். நடுங்கும் இயந்திரத்தில் இறுக்கிய நட் தளரும். ஆதலால் விமானத்திலே முக்கியமான ஒவ்வொரு நட்டும் இறுக்கப்பட்டால் மாத்திரம் போதாது. கழன்றுபோகாதபடி பூட்டவும் படவேண்டும். சிலவற்றுக்குத் துளையிட்டுப் பிளவூசி செருகப்படும். சிலவற்றைக் கம்பியால் ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டுவார்கள். இறுக்கிப் பூட்டிய ஒவ்வொன்றின் மேலும் வர்ணத்தால் ஒரு கோடு இடுவது நல்ல வழக்கம். நட் சிறிது திரும்பினாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். இந்தச் சோதனையைக் கட்டியவர் ஒருவரே செய்தல் ஆகாது. பல ஆண்டுகள் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இல்லாத ஊசியும் இருப்பது போலத் தோன்றும். விமானத்தை முன் பின் பார்த்திராத, தொழில் தெரிந்த வேறொருவர் வந்து மூடிகளையெல்லாம் திறந்து பார்க்கவேண்டும்.

இரண்டாவது, நிறுத்தல். கொழுந்து நிறுக்கும் இடத்திலே தராசின் அருமையை அறியாதவர் தோட்டத்தில் இல்லை. விமானத்துக்கும் தராசு வேண்டும், ஒன்றல்ல, மூன்று. சக்கரம் ஒவ்வொன்றின் கீழும் ஒன்று வைத்து, விமானத்தை மட்டமாக நிறுத்தி, எடை பார்க்கவேண்டும். மொத்த எடையைக் காட்டிலும் அந்த எடை எவ்விடத்தில் மையங்கொள்கின்றது என்பதே முக்கியமானது. உதாரணமாக, முன்சக்கரத்தின் மேல் 80 கிலோவும், பின்னுள்ள இரு சக்கரங்களின் மேல் 120 கிலோ வீதமும் நிற்கின்றன என்க. மொத்தம் 320 கிலோ. இயந்திரத்தின் பின்னுள்ள தடுப்புத் தகட்டிலிருந்து முன்சக்கரம் 40 சென்ரிமீற்றர் தூரத்திலும் பின்சக்கரங்கள் 180 சென்ரிமீற்றர் தூரத்திலும் உள்ளன. 80ஐ 40ஆற் பெருக்க 3,200. 240ஐ 180ஆற் பெருக்க 43,200. இரண்டையும் கூட்டி 320ஆல் வகுத்தால் 145 வரும். அதாவது, தடுப்புத் தகட்டிலிருந்து 145 சென்ரிமீற்றர் தூரத்தில் ஈர்ப்பு மையம் அமைந்திருக்கின்றது. விமானி அமர்ந்த பின்னும், எரிபொருள் நிரம்பிய போதும், அது தீர்ந்த போதும் இம்மையம் வடிவமைப்பாளர் குறித்த எல்லைக்குள் நிற்கின்றதா என்று திரும்பத் திரும்பக் கணக்கிடவேண்டும். முன்னே தள்ளிப்போனால் இறங்கும் வேளையில் மூக்கை உயர்த்த முடியாது. பின்னே தள்ளிப்போனாலோ மூக்குத் தானே மேல்நோக்கும். இறக்கை தாங்குசக்தியை இழந்து விமானம் சுழன்று விழுந்தால் மீட்பது அரிது.

மூன்றாவது, கட்டுப்பாட்டுத் தகடுகள். விமானியின் கைப்பிடியை வலப்புறம் சாய்த்தால் வல இறக்கையின் ஓரத்திலுள்ள தகடு மேலெழவேண்டும். இட இறக்கையினது கீழிறங்கவேண்டும். பிடியைப் பின்னே இழுத்தால் வாலிலுள்ள தகடு மேலெழவேண்டும். சிறு பிள்ளைக்கும் விளங்கும் இந்தச் சோதனையைத் தவறவிட்டவர்கள் சாமானியர்கள் அல்லர். உலக யுத்தத்திலே புகழ்பெற்ற லங்காஸ்டர் விமானத்தை வடிவமைத்தவர் ரோய் சட்விக். அவர் 1947 ஆகஸ்ட் 23ஆம் நாள், தாம் வடிவமைத்த ரியூடர் விமானம் ஒன்றின் சோதனைப் பறப்பிற் சென்றார். பராமரிப்பு வேலையின்போது இறக்கைத் தகடுகளின் இணைப்பு தலைமாறிப் பூட்டப்பட்டிருந்தது. விமானம் எழுந்தவுடன் விழுந்தது. அவரும் விமானியும் உடன்சென்ற சிலரும் மாண்டனர். அதற்கு முன் 1935 அக்டோபர் 30இல், போயிங் கம்பனியாரின் புதிய குண்டுவீச்சு விமானமொன்று, தகடுகள் காற்றில் ஆடாதிருக்க இட்ட பூட்டு கழற்றப்படாமலே எழுந்து வீழ்ந்து எரிந்தது. செய்யவேண்டியவற்றை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக வாசித்துப் பார்க்கும் வழக்கம் விமானிகளிடையே வேரூன்றியது அதன் பின்னரே. ஞாபகத்தை நம்பாதே, ஏட்டை நம்பு என்பது அந்த விபத்துத் தந்த பாடம்.

நான்காவது, எரிபொருள். இயந்திரம் தரையிலே சீராக ஓடுகின்றது என்பதால் வானத்திலும் ஓடும் என்று கொள்ளலாகாது. ஏறும்போது விமானத்தின் மூக்கு உயர்ந்து நிற்கும். அந்த நிலையில் தாங்கியிலிருந்து பெற்றோல் தடையின்றி வருமா என்று பார்க்கவேண்டும். ஆகவே விமானத்தை அதே சாய்வில் நிறுத்தி, குழாயை இயந்திரத்தினருகே கழற்றி, பாத்திரத்தில் அளந்து பார்ப்பார்கள். தாங்கி உயரத்தில் இருந்து பெற்றோல் தானே இறங்கி வரும் அமைப்பாயின், இயந்திரம் முழு வேகத்திற் குடிக்கும் அளவைப் போல் ஒன்றரை மடங்கு வரவேண்டும் என்பது விதி. மணிக்கு 20 லீற்றர் குடிக்கும் இயந்திரத்துக்கு 30 லீற்றர். அதாவது நிமிடத்துக்கு அரை லீற்றர். வீட்டிற் கட்டிய விமானங்களுக்கு நேர்ந்த விபத்துகளை அமெரிக்க அரசின் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2012இல் ஆராய்ந்தது. இயந்திரம் சக்தி இழத்தலும், விமானம் விமானியின் கட்டுப்பாட்டை மீறுதலுமே அவற்றின் பெருங்காரணங்கள் என்றும், முதற் பறப்பும் அதனையடுத்த சில மணி நேரமும் மிகுந்த ஆபத்துக்குரியவை என்றும் கண்டது.

இவை எவ்விடத்துக்கும் பொதுவானவை. அப்புத்தளைக்கென்றே உரிய கவலைகள் வேறு. அந்த ஊர் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 4,700 அடி உயரத்தில் இருக்கின்றது. அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி, கடற்கரையில் உள்ளதைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிந்தால் இயந்திரத்துக்குச் சுவாசம் குறைகின்றது. சுழல்விசிறிக்குப் பிடிப்புக் குறைகின்றது. இறக்கைக்குத் தாங்குசக்தி குறைகின்றது. இம்மூன்றும் ஒருங்கே குறைவதால், இரத்மலானையில் எளிதாக எழும் விமானம் மலையிலே நெடுந்தூரம் ஓடியும் எழ மறுக்கலாம்.

அடுத்தது பனிமூட்டம். தெற்கே தாழ்நிலத்திலிருந்து எழும் ஈரக்காற்று மலைமுகட்டில் மோதி மூடுபனியாக ஊரைச் சூழ்வது அப்புத்தளை மக்கள் நாள்தோறும் காணும் காட்சி. பார்வை மறைவது ஒருபுறமிருக்க, அந்த ஈரம் இயந்திரத்தினுள்ளும் தீமை செய்யும். பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேற்றரின் குறுகிய கழுத்தில் வெப்பநிலை 20 பாகைக்கு மேலும் தாழ்வதுண்டு. வெளியே குளிர்ந்த ஈரக்காற்று இருப்பின், உள்ளே பனிக்கட்டி படிந்து மூச்சை அடைத்துவிடும். வெப்ப நாடாகிய இலங்கையிற் பனிக்கட்டியால் இயந்திரம் நிற்கும் என்றால் நம்புவது கடினம். எனினும் மலைநாட்டின் காற்று அதற்கு மிக ஏற்றது. ஆதலால் சூடான காற்றை உட்செலுத்தும் அமைப்பு வேலை செய்கின்றதா என்பதைத் தரையிலேயே சோதித்தல் வேண்டும்.

மூன்றாவது காற்றோட்டம். ஆண்டின் நடுப்பகுதியில் மலையைத் தாண்டி வீசும் கச்சான் காற்று, முகட்டின் மறுபுறத்திலே கீழ்நோக்கிப் பாயும். சிறு இயந்திரத்தின் ஏறும் சக்தி அந்தப் பாய்ச்சலுக்கு ஈடாகாது. பயிற்சி பெற்ற குழுவும் முறையான பராமரிப்பும் உடைய பெரிய விமானங்களுக்குங்கூட மலைநாடு இடர் மிகுந்த களம். 2020 ஜனவரி 3ஆம் நாள் இலங்கை விமானப்படையின் விமானமொன்று அப்புத்தளையில் வீழ்ந்து, அதிலிருந்த நால்வரும் உயிர் துறந்தனர்.

ஆகவே, மலையிலே கட்டிய விமானத்தை மலையிலே பறக்கவிடாமல், இறக்கைகளைக் கழற்றி லொறியில் ஏற்றி, கடல் மட்டத்திலுள்ள நீண்ட ஓடுபாதைக்குக் கொண்டுசெல்வதே அறிவுடைமை. அங்கே இறக்கைகளை மீண்டும் பூட்டியபின், மேலே சொன்ன சோதனைகளை முதலிலிருந்து செய்யவேண்டும். கழற்றிப் பூட்டிய ஒவ்வோர் இணைப்பும் புதிய இணைப்பே. நாட்டின் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவும் அனுமதியும் இன்றி எந்த விமானமும் எழுதல் ஆகாது. அதிகாரியின் வருகையைத் தடையாகக் கருதுவோர் உண்டு; உண்மையில் அவர், முன்னர்க் கூறிய அந்த வேற்றுக் கண்களுள் ஒருவராவார்.

இனி, பறப்பவர் யார் என்ற வினா எஞ்சி நிற்கின்றது. ஐந்து, பத்து ஆண்டுகளாகக் கொட்டகையிலே சுத்தியலும் அரமும் பிடித்தவர் அக்காலமெல்லாம் பறக்காமலே இருந்திருக்கக்கூடும். விமானத்தைத் துருப்பிடியாமற் காத்தவர் தம் பயிற்சியைத் துருப்பிடிக்க விட்டிருப்பார். அவர் முதலில் வேறு சிறு விமானத்தில், தகுந்த ஆசிரியருடன் பலமுறை எழுந்து இறங்கிப் பழகவேண்டும். அன்றேல் அனுபவமுள்ள விமானி ஒருவரிடம் முதற் பறப்பை ஒப்படைக்கவேண்டும். தாம் பெற்ற குழந்தையைப் பிறர் கையிற் கொடுப்பது போன்ற வருத்தம் அதில் உண்டு. ஆயினும் குழந்தையின் நலம் கருதும் தாய் மருத்துவரிடம் கொடுக்கத் தயங்குவதில்லை.

முதற் பறப்பு நாளில் உறவினரும் நண்பரும் கூடுவர். மாலையும் இனிப்பும் வரும். அந்தக் கூட்டமே சில வேளைகளில் ஆபத்தாகிவிடும். காற்று மாறியிருந்தாலும், இயந்திரத்தின் ஒலியில் ஏதோ பிசகு கேட்டாலும், வந்தவர்களை ஏமாற்றலாகாது என்ற எண்ணம் கையை முன்னே தள்ளும். ஆகவே நாளைக் குறித்து அறிவிக்காமல், காற்று ஓய்ந்த விடியற்காலையில், உதவிக்கு வேண்டிய இருவர் மூவருடன் மாத்திரம் செல்வது நன்று. விமானி தனியே எழவேண்டும். ஓடுபாதையை விட்டு அகலாமல் அதனைச் சுற்றியே உயரவேண்டும். போதிய உயரத்தில் வேகத்தைக் குறைத்து, எந்த வேகத்தில் இறக்கை தாங்குசக்தியை இழக்கின்றது என்பதை அறிந்துகொண்டு இறங்கவேண்டும். அன்றைக்கு அவ்வளவே போதும்.

இன்று வேண்டாம், நாளை பார்ப்போம் என்று விமானத்தைக் கொட்டகைக்குத் திரும்பத் தள்ளிச் செல்பவர் தோற்றவர் அல்லர். அவருக்கு நாளையும் இருக்கின்றது, விமானமும் இருக்கின்றது, வீட்டிலே காத்திருப்பவர்களுக்கு அவரும் இருக்கின்றார்.