பிரேக்கை நான் மிதிக்கல, வண்டி மிதிச்சிருக்கு

இன்னைக்கு எபிசோட் எனக்கு நடந்த ஒரு சம்பவத்துல இருந்து ஆரம்பிக்குது.

போன மழைக்காலத்துல ஒரு மலைப்பாதை. முழுக்கச் சேறு. இருபது நிமிஷம் ஆக்ஸிலரேட்டரை அழுத்திக்கிட்டே ஏறினேன். டேஷ்போர்டில் வழுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு சிமிட்டிக்கிட்டே இருந்துச்சு. டிராக்‌ஷன் கன்ட்ரோல் சூப்பரா வேலை செய்யுதுன்னு எனக்குப் பெருமை வேற. இறங்கும்போதுதான் வயிறு கலங்குச்சு. பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகுது. லோ ரேஞ்சில் முதல் கியர் போட்டு, இன்ஜின் இழுவையிலேயே மெதுவா இறங்கி வந்து சேர்ந்தேன்.

மறுநாள் மெக்கானிக் அண்ணன் சக்கரத்தைக் கழட்டினார். மாத்தி எட்டு மாசம்கூட ஆகாத பிரேக் பேட், கிட்டத்தட்ட இரும்பு வரைக்கும் தேஞ்சிருந்துச்சு. "அண்ணே, ஏறும்போது நான் பிரேக்கே மிதிக்கலையே"ன்னேன். சிரிச்சுட்டு, "நீ மிதிக்கல தம்பி, வண்டி மிதிச்சிருக்கு"ன்னார்.

அவர் சொன்னது அப்படியே உண்மை. சாதாரண டிஃபரன்ஷியல், ஒரே அச்சின் இரண்டு சக்கரங்களுக்கும் சமமான முறுக்குவிசையைத்தான் தரும். ஒரு சக்கரம் சேற்றில் சும்மா சுற்றினால் அதற்குத் தேவைப்படும் விசை ரொம்பக் குறைவு. அதனால் கெட்டித் தரையில் நிற்கும் மறு சக்கரத்துக்கும் அதே சொற்ப விசைதான் போகும். வண்டி நகராது. டிராக்‌ஷன் கன்ட்ரோல், சுற்றுகிற சக்கரத்தை மட்டும் பிரேக் போட்டுப் பிடிக்கிறது. அந்தப் பிரேக்கை எதிர்த்து இன்ஜின் தள்ள, மறு சக்கரத்துக்கும் விசை கிடைக்கிறது.

இதுக்கு ஒரு விலை இருக்கு. ஒரு பக்கம் நாம ஆக்ஸிலரேட்டரை அழுத்துறோம், இன்னொரு பக்கம் வண்டி பிரேக்கை அழுத்துது. நடுவில் வீணாகிற சக்தி எல்லாம் டிஸ்க்கில் வெப்பமாகச் சேருது. வேகம் குறைவு என்பதால் குளிர்விக்கக் காற்றும் இல்லை. போதாததுக்கு, பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையில் மாட்டின மணல் உப்புத்தாள் மாதிரி தேய்க்குது. சூடு எல்லை மீறினால் பல வண்டிகளில் கணினியே இந்த வசதியைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிடும்.

பெடல் பஞ்சானதுக்குக் காரணம் பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155. கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் உருவாகும். பெடலை மிதித்தால் குமிழ்தான் அமுங்கும், பிரேக் பிடிக்காது.

அப்போ இதை ஆஃப் பண்ணிடலாமா? வேண்டாம். மாருதி ஜிம்னி மாதிரி வண்டிகள் இந்தப் பிரேக் வித்தையை நம்பித்தான் ஏறுது. ஃபோர்ஸ் கூர்க்காவில் இருக்கிற மாதிரி லாக்கர் இருந்தால் பிரேக் சூடாகாது. ஆனா அதைப் போட்டுக்கிட்டு தார் ரோட்டில் திரும்பினால் ஆக்ஸிலும் டயரும் அடி வாங்கும்.

நான் இப்போ செய்யுறது இதுதான். சேற்றில் இறங்குறதுக்கு முன்னாடியே ஃபோர் லோ போடுறேன். டயர் காற்றைக் கொஞ்சம் குறைச்சுக்கிறேன், தார் ரோடு வந்ததும் மறுபடி நிரப்பிடுவேன். விளக்கு சில விநாடிக்கு மேல சிமிட்டினா நிறுத்திட்டு, இறங்கி வேற தடம் பார்க்கிறேன். உச்சியில பிரேக் ஆறுற வரைக்கும் ஒரு டீ. ஹில் டிசென்ட் கன்ட்ரோலும் பிரேக்கைத்தான் பயன்படுத்தும். அதனால இறக்கத்துல முதல் நம்பிக்கை லோ கியர்தான். வீட்டுக்கு வந்து, டிஸ்க் ஆறின பிறகு சேற்றைக் கழுவுறேன். பேடையும் ஒரு பார்வை பார்த்துடுவேன்.

அந்த மஞ்சள் விளக்கு பாராட்டு இல்லைங்க. உங்க பிரேக் கணக்குல இருந்து செலவு போயிட்டிருக்குன்னு அர்த்தம். இறக்கத்துக்குக் கொஞ்சம் மிச்சம் வையுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.