'நாம்' என்றால் யார் யார்? ஒரு சொல் எதைச் சுட்டுகிறது என்பது ஏஐ-க்கு எப்படித் தெரிகிறது?

போன மாதம் நொய்டாவில் என் வீட்டு ஓனர் வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் ஒரு மெசேஜ் அனுப்பினார். மறுநாள் பெயின்டர் வருவார், செலவை யார் ஏற்பது என்று இரண்டே வரி. நான் ஆபீஸில் இருந்ததால், ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு அதை அப்படியே ஃபார்வர்டு செய்தேன். அவர் அதை ஒரு மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் படித்துவிட்டு உடனே போன் செய்தார். "செலவை நாம் ஏற்போம்னு போட்டிருக்கே, நாமளும் பாதி தரணுமா?"

ஓனர் எழுதியிருந்தது 'வி'. அவரும் அவர் மனைவியும் என்ற அர்த்தத்தில். ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல் போதும், ஹிந்தியில் 'ஹம்' போதும். தமிழில் அப்படி விட முடியாது. கேட்பவரும் சேர்த்தி என்றால் 'நாம்', இல்லையென்றால் 'நாங்கள்'. செயலி ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். தேர்ந்தெடுத்தது, பெயின்ட் செலவு எங்கள் தலையில் விழுந்தது.

ஒரு சொல் யாரை, எதைக் குறிக்கிறது என்பது ஏஐ ஆராய்ச்சியில் பழைய தலைவலி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, வாக்கியத்தில் வரும் 'அது', 'அவர்' எல்லாம் முன்னால் சொன்ன எதைக் குறிக்கின்றன? இரண்டு, 'புளி' என்ற சொல் வெளியே உலகத்தில் இருக்கும் புளியோடு எப்படி ஒட்டிக்கொள்கிறது?

'அது' என்றால் எது?

"வாஷிங் மெஷின் லிஃப்டுக்குள் போகவில்லை, அது ரொம்பப் பெரிசு." இதில் 'அது' வாஷிங் மெஷின். 'பெரிசு' என்பதை 'சின்னது' என்று மாற்றுங்கள். இப்போது 'அது' லிஃப்ட். படிக்கும்போது இப்படி ஒரு கேள்வி இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. இலக்கணம் இங்கே உதவாது, இரண்டுமே அஃறிணை ஒருமைதான். பெரிய பொருள் சின்ன இடத்துக்குள் போகாது என்ற உலக அறிவு வேண்டும்.

கணினி விஞ்ஞானி டெரி வினோகிராட் 1972-இல் எழுதிய இந்த மாதிரி ஒரு வாக்கியத்தை அடிப்படையாக வைத்து, 2012-இல் ஹெக்டர் லெவெக்கும் இன்னும் இருவரும் ஒரு தேர்வை முன்வைத்தார்கள். பெயர் வினோகிராட் ஸ்கீமா சவால். காசு சுண்டிப் பதில் சொன்னாலே 50 சதவீதம் வரும். 2016-இல் நடந்த போட்டியில் முதலிடம் பிடித்த நிரலுக்குக் கிடைத்தது சுமார் 58. ஆனால் 2019-க்குள் மொழி மாடல்கள் 90-ஐத் தொட்டுவிட்டன.

நடுவில் வந்தது 2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட டிரான்ஸ்ஃபார்மர் முறை. இதில் ஒவ்வொரு சொல்லும் எண்களின் வரிசையாக மாறுகிறது. 'அது' என்ற சொல் வாக்கியத்தின் மற்ற சொற்களை எல்லாம் 'பார்த்து', எதற்கு எவ்வளவு கவனம் கொடுப்பது என்று கணக்குப் போடுகிறது. 'பெரிசு' பக்கத்தில் இருந்தால் வாஷிங் மெஷின் பக்கம் எடை கூடும். இந்த எடையை யாரும் சொல்லித் தருவதில்லை. கோடிக்கணக்கான வாக்கியங்களில் விடுபட்ட சொல்லையோ அடுத்த சொல்லையோ ஊகித்து ஊகித்து மாடல் தானே பழகுகிறது.

அதற்காக 90-ஐப் பார்த்து அசந்துவிட வேண்டாம். "சிங்கம் மானைத் துரத்தியது, அதற்குப் பசி" என்றால், சிங்கமும் பசியும் எழுத்தில் அடிக்கடி சேர்ந்து வருவதை வைத்தே பதில் சொல்லிவிடலாம். புரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்தக் குறுக்குவழிகளைக் குறைக்கத்தான் வினோகிராண்டே என்று சுமார் 44,000 கேள்விகள் கொண்ட இன்னொரு தேர்வு 2019-இல் வந்தது.

புளிப்பு தெரியாமல் புளி தெரியுமா?

தமிழே தெரியாத ஒருவரிடம் தமிழ்–தமிழ் அகராதி ஒன்றை மட்டும் கொடுக்கிறீர்கள். 'புளி' என்று தேடினால் 'புளிப்பான பழம்' என்று இருக்கும். 'புளிப்பு' என்று தேடினால் 'புளியின் சுவை'. சுற்றிச் சுற்றி வரலாம், நாக்கில் ஒன்றும் படாது. ஸ்டீவன் ஹர்னாட் 1990-இல் சீன அகராதியை வைத்து எழுப்பிய கேள்வி இதுதான். எழுத்தை மட்டும் தின்று வளர்ந்த மாடலின் நிலைமை இந்த அகராதிக்காரரின் நிலைமைதானா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் சண்டை ஓயவில்லை.

வெளியேற ஒரு வழி, சொல்லோடு படத்தையும் காட்டுவது. ஓபன்ஏஐ 2021-இல் வெளியிட்ட கிளிப் மாடல் 40 கோடி படங்களையும் அவற்றின் விவரிப்புகளையும் ஜோடி ஜோடியாகப் பார்த்துப் பயின்றது. பொருந்தும் ஜோடி எண்களில் நெருங்கி வரும், பொருந்தாதது விலகும்.

எனக்குப் பிடித்தது நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட சோதனை. ஒரு குழந்தையின் தலையில் கேமரா மாட்டி, 6 மாதம் முதல் 25 மாதம் வரை அவ்வப்போது பதிவு செய்த 61 மணி நேர வீடியோ. குழந்தை பார்த்த காட்சி, அப்போது பெரியவர்கள் பேசிய பேச்சு, இவ்வளவுதான் மாடலுக்குக் கிடைத்த சாப்பாடு. பிறகு 'பந்து' போன்ற 22 சொற்களுக்கு, நான்கு படங்களில் சரியானதைக் காட்டச் சொன்னார்கள். குருட்டாம்போக்கில் 25 சதவீதம் வரும். மாடல் எடுத்தது சுமார் 62. பிறவியிலேயே தனியான மொழித் திறன் இல்லாமலும் கொஞ்சம் சொற்களைப் பொருளோடு இணைக்க முடியும் என்று இது காட்டியது.

ஆனால் பந்தைப் படம் எடுக்கலாம். 'நாளை'யை? 'கடன்'? 'நாம்'?

ஒரு வரியை மட்டும் ஒட்டினால்

'நாம்' யாரைக் குறிக்கிறது என்பது அகராதியிலும் இல்லை, படத்திலும் இல்லை. யார், யாரிடம், எந்த நேரத்தில் சொன்னார் என்பதில் இருக்கிறது. அம்மா ஒட்டிய இரண்டு வரியில் இது எதுவுமே கிடையாது. அப்போது மாடல் தன் பயிற்சியில் அதிகம் பார்த்ததன் பக்கம் சாயும். தமிழின் 'அவர்' ஆங்கிலத்துக்குப் போகும்போதும் இதே கதைதான். ஆணா பெண்ணா என்று தெரியாமலேயே ஒன்றைப் போட்டாக வேண்டும், டாக்டர் என்றால் ஆண், நர்ஸ் என்றால் பெண் என்ற பழைய பழக்கம் உள்ளே நுழையும். துருக்கி மொழியில் இதே சிக்கல் இருப்பதால், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றும்போது ஆண், பெண் இரண்டு வடிவத்தையும் காட்டும் வசதியை கூகுள் 2018 டிசம்பரில் கொண்டுவந்தது.

அதே மெசேஜை, "வீட்டு ஓனர், வாடகைக்கு இருப்பவருக்கு எழுதியது" என்று மேலே ஒரு வரி சேர்த்து ஒரு சாட்பாட்டிடம் கொடுத்தேன். 'நாங்கள்' என்று வந்தது. ஆபீஸ் மெயில், ஒப்பந்தம், இன்சூரன்ஸ் பேப்பர் எதையாவது மொழிபெயர்க்கக் கொடுக்கிறீர்கள் என்றால், யார் யாருக்கு எழுதியது என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். பணம் சம்பந்தப்பட்ட வரியில் 'நாம்', 'நாங்கள்' இருந்தால் மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அம்மாவிடம் புது மொழிபெயர்ப்பை அனுப்பினேன். முழுசாக நம்பவில்லை. மறுநாள் காலை பெயின்டரை வாசலிலேயே நிறுத்தி, தெரிந்த நாலு ஹிந்தி வார்த்தையில் "பைசா கோன் தேகா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விட்டார்.