250 ஏக்கர் காட்டுக்கு 700 ரூபாய்... தீயை அணைக்கப் போகிறவர்களுக்குப் பயிற்சி எப்போது?

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையில் தறி ஓடும் வீட்டில் போய், "இது அசல் பட்டுதானா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் பேச மாட்டார்கள். சேலை ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவித் தீக்குச்சி நெருப்பில் காட்டுவார்கள். அசல் பட்டு என்றால் முடி கருகிய வாடை வரும். நெருப்பை விலக்கியதும் எரிவது நின்றுவிடும். சாம்பலை விரலால் தேய்த்தால் பொடியாகும். பாலியெஸ்டர் என்றால் கதையே வேறு. இழை உருகிச் சுருண்டு, நுனியில் கெட்டியான ஒரு மணியாக உறைந்துவிடும். அந்த மணி சூடாக இருக்கும்போது விரலில் பட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

நெசவாளர் வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த இந்த விஷயம், காட்டுத்தீயை அணைக்கப் போகிறவருக்கு உயிர் பிரச்னை. பருத்தியும் எரியும்தான், ஆனால் உருகி உடம்பில் ஒட்டாது. அதனால், 'செயற்கை இழைத் துணி போட்டுக்கொண்டு தீக்குள் போகாதே' என்பது உலகம் முழுக்கக் காட்டுத்தீப் பயிற்சியில் முதல் நாள் சொல்லித்தரும் பாடங்களில் ஒன்று. நம் ஊரில் அந்த முதல் நாள் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது?

குரங்கணி

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்தும் வந்த மலையேற்றக் குழுவினர் கொழுக்குமலைக்கு ஏறிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். மலைச்சரிவெங்கும் ஆளுயரத்துக்குக் காய்ந்த புல். பிற்பகலில் காற்றோடு வந்த தீ அவர்களைச் சூழ்ந்துகொண்டது. திசை தெரியாமல் ஓடியவர்கள் உண்டு. பள்ளத்தில் குதித்தவர்கள் உண்டு. சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. ஆனால், அதற்கு முன்பே மலை ஏறியவர்கள் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் மலைவாழ் மக்களும்தான். காயம்பட்டவர்களைப் போர்வையில் தூளி கட்டிச் சுமந்து இறக்கினார்கள். சம்பவ இடத்தில் இறந்தவர்கள், பிறகு மருத்துவமனைகளில் சிகிச்சை பலனின்றி இறந்தவர்கள் என மொத்தம் 23 உயிர்கள் போயின.

அரசு, மூத்த ஐ.ஏ.எஸ் அதிகாரி அதுல்ய மிஸ்ராவை விசாரணைக்கு நியமித்தது. அதே ஆண்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகளும் வந்தன. அனுமதி வாங்கினார்களா, யார் கூட்டிப்போனது, எந்தப் பாதை என்று டி.வி விவாதங்களில் நாள்கணக்கில் பேசினார்கள். தீயை அணைக்க அனுப்பப்படும் ஆளுக்கு என்ன சொல்லிக்கொடுத்திருக்கிறோம் என்ற கேள்வி மட்டும் பெரிதாக எழவில்லை.

முதலில் போவது யார்?

காட்டில் புகை தெரிந்தால் தீயணைப்பு வண்டி வரும் என்று நகரத்தில் இருப்பவர்கள் நினைக்கலாம். அந்த வண்டி போக மலையில் ரோடு கிடையாது. வனச்சரகர், வனவர், வனக்காப்பாளர், வனக்காவலர் என்று துறையில் படிகள் உண்டு. அதற்கும் கீழே இரண்டு வகை ஆட்கள் இருக்கிறார்கள். தொகுப்பூதியத்தில் இருக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் ஒரு வகை. கோடையில் மட்டும் தினக்கூலிக்கு எடுக்கப்படும் தீத்தடுப்புக் காவலர்கள் இன்னொரு வகை. பெரும்பாலும் அந்தந்த மலையின் பழங்குடி இளைஞர்கள். தீ என்றதும் முதலில் ஓடுவது இவர்கள்தான். கையில் இருப்பது பச்சைத் தழைக்கொத்து, அரிவாள், ஒரு பாட்டில் தண்ணீர். அதிர்ஷ்டம் இருந்தால், சருகை ஊதித் தள்ளும் ஒரு மெஷின்.

2020 பிப்ரவரியில் கேரளாவின் திருச்சூர் மாவட்டம் கொட்டம்பத்தூரில் வனத்துறைப் பணியாளர்கள் மூன்று பேர் தீயை அணைக்கப் போய் அதிலேயே இறந்தார்கள். 2024 ஜூன் 13 அன்று உத்தரகாண்டின் பின்சர் சரணாலயத்தில் நான்கு பேர் தீயில் சிக்கி அங்கேயே இறந்தார்கள். அந்த நால்வரில் நிரந்தரப் பணியாளரும் இருந்தார், தினக்கூலிக்காரரும் இருந்தார். தீக்கு அந்த வித்தியாசம் தெரியாது. சம்பளப் பட்டியலுக்கும் பயிற்சிப் பட்டியலுக்கும் மட்டும் நன்றாகத் தெரிகிறது.

தழையால் அடிப்பது மட்டுமா?

காட்டுத்தீயை அணைப்பதில் என்ன பெரிய படிப்பு என்று தோன்றலாம். இருக்கிறது.

தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும். கீழே எரியும் தீயின் வெப்பம் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடும். சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்போர் கையாளும் கணக்கு. 30 டிகிரி சரிவு என்றால் எட்டு மடங்கு. காய்ந்த புல் மலையில் மனிதக் கால் அதற்கு ஈடு கொடுக்க முடியாது. ஆனால் பயந்துபோன மனிதர் இயல்பாக என்ன செய்வார்? உச்சியைப் பார்த்து ஓடுவார். பயிற்சி பெற்றவர், ஏற்கெனவே எரிந்து கருகிய நிலம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பார். அங்கே எரிய ஒன்றும் மிச்சமில்லை, எனவே அதுதான் பத்திரமான இடம். வேலையைத் தொடங்கும் முன்பே அந்த இடத்தையும், அதற்குப் போகும் வழியையும் மனதில் குறித்துக்கொள்வார்.

காற்று எந்நேரத்தில் திசை மாறும் என்று தெரிய வேண்டும். சரிவு காலையில் வெயில் ஏற ஏற மேல்நோக்கி மூச்சுவிடும், இருட்டியதும் கீழ்நோக்கி விடும். உண்ணிச்செடிப் புதர் மண்டிய இடத்தில், தரையில் ஊர்ந்த தீ புதர் வழியாக மரத்தின் கிளைக்கு ஏறிவிடும் என்று தெரிய வேண்டும். தீ வரும் பாதைக்கு எதிரே தாங்களே ஒரு தீயை வைத்து, நடுவில் எரிய ஒன்றுமில்லாமல் செய்யும் 'எதிர்த்தீ' முறை உண்டு. கத்துக்குட்டி அதைச் செய்தால் ஒரு தீ இரண்டாகிவிடும். வேலை முடிந்த பிறகும் கட்டைக்குள் கனலும் நெருப்பைத் தேடி மண் போட்டு மூட வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் மதியம் அது மறுபடி எழும்.

இதில் பாதி, மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அத்துப்படி. எந்த ஓடையில் மார்ச் மாதத்திலும் ஈரம் இருக்கும் என்பதை எந்த மேப்பும் சொல்லாது. பயிற்சி என்றால் அவர்களுக்கு வகுப்பெடுப்பது மட்டுமல்ல, அவர்களை வகுப்பெடுக்க வைப்பதும்தான்.

பணம் எங்கே?

இனி கணக்கு. மத்திய அரசிடம் 'வனத்தீ தடுப்பு மற்றும் மேலாண்மைத் திட்டம்' என்று தனித் திட்டமே இருக்கிறது. 2017-ல் பழைய திட்டத்துக்குப் பதிலாக வந்தது. பெரும்பாலான மாநிலங்களுக்கு 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு. தீத்தடுப்புக் கோடு வெட்டுவது, கருவி வாங்குவது, காவலர் கூலி, விழிப்புணர்வு, பயிற்சி எல்லாம் இதற்குள்தான். குரங்கணிக்குப் பிந்தைய ஆண்டுகளில் இதற்கு மத்திய அரசு ஒதுக்கியது ஆண்டுக்குச் சுமார் 50 கோடி ரூபாய். நாட்டின் வனப்பரப்பு ஏறக்குறைய 7.13 லட்சம் சதுர கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 700 ரூபாய் வருகிறது. ஒரு சதுர கிலோமீட்டர் என்பது கிட்டத்தட்ட 250 ஏக்கர். ஒருவருக்கு ஒழுங்கான பூட்ஸ் வாங்கக்கூட அந்த 700 போதாது.

இது மட்டுமே பணம் என்று சொல்லிவிட முடியாது. மாநிலங்கள் தங்கள் பங்கைப் போடுகின்றன. காட்டு நிலத்தை வேறு வேலைக்கு எடுக்கும்போது வசூலாகும் ஈடுசெய் காடு வளர்ப்பு நிதியிலிருந்து 2019 ஆகஸ்ட்டில் மட்டும் 47,436 கோடி ரூபாய் 27 மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. அதிலிருந்தும் தீத்தடுப்புக்குச் செலவு செய்யலாம். தீ அபாயம் மிகுந்த 144 மாவட்டங்களுக்காக, 19 மாநிலங்களில் 818.92 கோடி ரூபாய்க்கு ஒரு திட்டத்தையும் மத்திய அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது. பணம் மெல்ல வரத் தொடங்கியிருக்கிறது.

சிக்கல், அது வரும் நேரத்திலும் போகும் இடத்திலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் தீக்காலம் பிப்ரவரியில் சூடு பிடிக்கும். நிதியாண்டு மார்ச் 31-ல் முடியும். தீக்காலத்தின் நட்ட நடுவில் ஒரு கணக்குப் புத்தகத்தை மூடி இன்னொன்றைத் திறக்க வேண்டும். ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சரியான காலம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. அதற்குள் பணம் கையில் இல்லையென்றால், பிப்ரவரியில் கூலிக்கு ஆள் எடுத்து, அரை நாள் கூட்டம் போட்டு, தொப்பி கொடுத்து அனுப்புவதுதான் நடக்கும். அடுத்த வருடம் அதே ஆள் வருவாரா என்பதற்கும் உத்தரவாதமில்லை. கோடைக்கு மட்டும் கூலி கொடுத்தால், அவர் திருப்பூருக்கோ கேரளாவுக்கோ வேலைக்குப் போய்விடுவார். கற்றுக்கொடுத்ததும் கூடவே போய்விடும்.

மேலேயிருந்து பார்க்கும் கண்ணுக்குக் குறைவில்லை. டேராடூனில் இருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் வழியாகத் தீயைக் கண்டுபிடித்துச் சொல்கிறது. இப்போது 375 மீட்டர் துல்லியத்தில் பார்க்கும் செயற்கைக்கோள் தகவல், வனத்துறையினரின் செல்போனுக்கே எஸ்.எம்.எஸ்-ஸாக வருகிறது. எஸ்.எம்.எஸ் வந்த பிறகு மலை ஏறும் கால்களுக்குத்தான் முதலீடு தேவை.

வெளியூர்ப் பாடம்

கலிஃபோர்னியாவில் காட்டுத்தீ ஊர்களையே விழுங்க ஆரம்பித்த பிறகு, அந்த மாநில அரசு ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டது. காட்டைச் சுத்தம் செய்யப் பணம் ஒதுக்கினாலும் வேலை தெரிந்த ஆள் இல்லை. அதனால், கல்லூரிகள், பழங்குடி அமைப்புகள், தொண்டு நிறுவனங்கள் வனவேலைக்கு ஆட்களைப் பழக்குவதற்கென்றே மானியம் கொடுக்கிறது. 2018-ல் வென்சுரா பகுதியில் தொடங்கிய ஒரு பயிற்சி மையத்தில், சிறையிலிருந்தபடி தீயணைப்பு வேலை பார்த்தவர்கள் வெளியே வந்ததும் 18 மாதம் பயிற்சி பெற்று, அதையே தொழிலாக்கிக்கொள்ள முடிகிறது. வட ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிகள் கோடை முற்றும் முன்பே சிறு சிறு தீ வைத்துப் புல்லைக் குறைக்கும் பழைய முறை, இப்போது சம்பளமுள்ள வேலையாக இருக்கிறது.

அமெரிக்காவின் பணம் நம்மிடம் இல்லை என்பது உண்மை. பயிற்சி கொடுக்கும் இடமும் இல்லை என்று சொன்னால் அது பொய். கோவையில் இருக்கும் தமிழ்நாடு வன உயர் பயிற்சியகம், 1912-ல் சென்னை மாகாணத்தின் வனக் கல்லூரியாகத் தொடங்கியது. வனவர்கள், வனக்காப்பாளர்களுக்கு வைகை அணையில் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் வனக்கல்லூரியில் பி.எஸ்ஸி வனவியல் படிக்கலாம். ப்ளஸ் டூ அறிவியல் பிரிவு முடித்த பிள்ளைகளுக்கு இன்ஜினீயரிங், நர்ஸிங் தாண்டி இப்படி ஒரு படிப்பு இருப்பதே பல வீடுகளில் தெரிவதில்லை. பெண்களும் இப்போது வனக்காப்பாளர்களாகக் காட்டுக்குள் ரோந்து போகிறார்கள். 2024 குரூப் 4 தேர்வு அறிவிப்பில் வனக்காப்பாளர், வனக்காவலர் பணிகளோடு, பழங்குடியின இளைஞர்களுக்கான வனக்காவலர் பணியும் தனியாக இடம்பெற்றது.

ஆக, நிரந்தரப் பணிக்கு வருபவருக்குக் கல்லூரி இருக்கிறது. கோடைக்கூலிக்கு வருபவருக்கு அதில் இடமில்லை. தீ முகத்தில் நிற்பவர்களில் பலர் இந்த இரண்டாவது வரிசை.

நல்ல முன்னுதாரணம் ஒன்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 மலைப்பாதைகளைத் திறந்தபோது, 300-க்கும் மேற்பட்ட உள்ளூர், பழங்குடி இளைஞர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். குரங்கணியும் அந்தப் பாதைகளில் ஒன்று. அடுத்து வந்த கோடையில், தீக்காலத்துக்காகப் பாதைகளை மூடினார்கள். சுற்றுலாவுக்கு ஆள் தயார் செய்ய முடிந்திருக்கிறது. பாதை மூடியிருக்கும் அந்த வாரங்களில் அதே இளைஞர்களைத் தீத்தடுப்புக்குப் பழக்கி, வருடம் முழுக்கச் சம்பளம் கொடுத்தால், அவர்கள் திருப்பூர் பஸ் ஏற வேண்டியதில்லை.

ஓரிக்கை பாலத்திலிருந்து

இத்தனைக்கும் ஓரிக்கைக்கும் என்ன சம்பந்தம்? உத்திரமேரூர் போகும் வழியில் பாலாற்றுப் பாலத்தில் நின்று பார்த்தால் வருடத்தின் பெரும்பகுதி மணல்தான் தெரியும். அந்த ஆறு மேற்கே வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக வரும்போது, தெற்குப் பக்கம் நிற்பது ஜவ்வாது மலை. அதன் வடசரிவு ஓடைகள் பாலாற்றுக்கு வருகின்றன. அதே மலையில் பிறக்கும் செய்யாறு, காஞ்சிபுரத்துக்குக் கிழக்கே திருமுக்கூடலில் பாலாற்றோடும் வேகவதியோடும் கலக்கிறது. கோடை வந்தால் ஜவ்வாது மலைச் சரிவுகளில் இரவில் தீக்கோடு தெரிவது அந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் பழகிப்போன காட்சி. புல்லும் சருகும் எரிந்து மொட்டையான சரிவில் மழை விழுந்தால், தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடிவிடும். ஓரிக்கை வீட்டுக் கிணற்றின் ஊற்றுக்கும் அந்தச் சரிவில் தழையோடு நிற்பவருக்கும் நடுவில் இவ்வளவுதான் தூரம்.

கோடை விடுமுறைக்கு ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் பருத்தித் துணியை எடுத்து வைத்துக்கொள்ளலாம். காட்டுப்பாதையில் பீடி, சிகரெட் துண்டைப் போடாமல், சமைத்த அடுப்பில் தண்ணீர் ஊற்றிச் சாம்பலைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். புகை தெரிந்தால், எந்தப் பக்கம் காற்றடிக்கிறது என்று பார்த்து, மேட்டை விட்டு விலகிப் பக்கவாட்டில் இறங்க வேண்டும். அங்கே எதிரே காக்கிச் சட்டையோடு ஓர் இளைஞர் ஏறி வந்துகொண்டிருப்பார். அவருடைய சட்டை எந்தத் துணி என்பதை ஓரிக்கைக்காரர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்.