விசாரணைக்கு என்று அழைத்தால்

விருத்தாசலம் பக்கத்தில் உள்ள முதனை கிராமத்தைச் சேர்ந்த கூலித் தொழிலாளி ராசாக்கண்ணுவை, ஒரு நகைத் திருட்டுப் புகாருக்காக 1993 மார்ச் மாதம் கம்மாபுரம் காவல் நிலையத்தார் கொண்டுபோனார்கள். கடலூர் மாவட்டம் அப்போது தென்னாற்காட்டோடுதான் இருந்தது. நிலையத்தில் அவரை அடித்தார்கள். பிறகு அவர் தப்பி ஓடிவிட்டதாகச் சொன்னார்கள். அவரது உடலோ, ஊர் பேர் தெரியாத பிணமாக மீன்சுருட்டிப் பக்கம் கிடைத்திருந்தது. அவர் மனைவி பார்வதி சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்கள் துணை நின்றார்கள், வழக்கறிஞர் கே.சந்துரு வாதாடினார். காவலர்கள் குற்றவாளிகள் என்பது 2006-ல்தான் உறுதியானது. ‘ஜெய் பீம்’ படம் இந்த வழக்கிலிருந்து பிறந்தது என்பதைப் பலரும் அறிவார்கள். ஆனால் படம் பார்த்தவர்கள்கூட ஒன்றைக் கவனிக்காமல் விட்டிருக்கலாம். அடிபட்டு இறந்த ஒருவரைப் பற்றி ‘ஓடிவிட்டான்’ என்று ஒரு நிலையத்தால் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அவர் எப்போது உள்ளே வந்தார், எப்போது வெளியே போனார் என்பதற்கு அந்த நிலையத்துக்கு வெளியே நேரம் குறித்த ஒரு காகிதமும் இல்லாததுதான்.

நம் ஊர்களில் போலீஸ் வந்து நின்றால் சொல்வது ஒரே வாக்கியம்: “விசாரணைக்குக் கூட்டிட்டுப் போறோம், அனுப்பிடுவோம்.” வீட்டாரும் நம்பி அனுப்பிவிடுகிறார்கள். சட்டத்தில் அப்படி ஒரு நிலையே கிடையாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஒரு குடிமகனைக் காவல் துறை தன்னிடம் வரவழைக்க மூன்று வழிகளைத்தான் முக்கியமாகக் காட்டுகிறது. விவரம் தெரிந்த சாட்சி என்றால் எழுத்தில் அழைப்பாணை தர வேண்டும். சந்தேகத்துக்கு உரியவர், ஆனால் கைது தேவையில்லை என்றால் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தர வேண்டும். திருட்டு உட்பட ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது, நோட்டீஸே முதல் வழி என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. மூன்றாவது, கைது. இந்த மூன்றிலும் காகிதம் உண்டு. ‘விசாரணைக்கு’ என்று வாய்வார்த்தையில் கூட்டிப்போவதில் மட்டும்தான் காகிதம் இல்லை. பெண்கள், 15 வயதுக்கு உட்பட்டவர்கள், 60 வயதைக் கடந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரைச் சாட்சியாக விசாரிப்பதென்றால் நிலையத்துக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தவே முடியாது. போலீஸ்தான் அவர்கள் வீட்டுக்கு வர வேண்டும்.

காகிதத்தை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. கைதானவருக்கு அரசியலமைப்பின் 22-வது பிரிவு தரும் பாதுகாப்புகள் எல்லாமே கடிகாரத்தை நம்பி நிற்பவை. கைதான 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அந்த 24 மணி நேரம் எப்போது தொடங்கியது? கைதுக் குறிப்பில் எழுதிய நேரத்திலிருந்து என்று நிலையம் சொல்லும். திங்கட்கிழமை காலையில் வீட்டிலிருந்து அழைத்துப்போனவரை புதன்கிழமை மாலை பேருந்து நிலையத்தில் பிடித்ததாக எழுதினால், இடையில் உள்ள இரண்டரை நாள் சட்டத்தின் கண்ணுக்கே தெரியாமல் போகிறது. அடி விழுவதும், வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவதும் அந்த இரண்டரை நாளில்தான். ஆகவே கைதுக் குறிப்பில் நேரமும் தேதியும் இருக்க வேண்டும், குடும்பத்தார் அல்லது ஊரில் மதிப்புள்ள ஒருவர் அதில் சாட்சிக் கையெழுத்திட வேண்டும், உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் போக வேண்டும், மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும் என்று டி.கே.பாசு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் விதித்தது. இன்று இவை சட்டத்திலேயே இருக்கின்றன. கைதுக்கான காரணங்களைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் அதே நீதிமன்றம் மேலும் தெளிவாக்கியது. விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமையும் உண்டு, முழு நேரமும் அவர் கூடவே உட்கார முடியாவிட்டாலும்.

“இதையெல்லாம் ஸ்டேஷனில் போய்ப் பேசினால் இன்னும் நாலு அடி சேர்த்து விழும்” என்பார்கள். அனுபவத்திலிருந்து வரும் பேச்சு இது. இதைப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. உள்ளே இருப்பவர் சட்டம் பேச வேண்டியதில்லை என்பதே என் பதில். பேச வேண்டியவர்கள் வெளியே இருப்பவர்கள், பேச வேண்டிய இடமும் அந்த நிலையம் அல்ல. இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன நிலையத்தார் இன்னாரை அழைத்துச் சென்றார்கள், இதுவரை வீடு திரும்பவில்லை என்று நான்கு வரி எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும், பகுதி மாஜிஸ்திரேட்டுக்கும், மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் அனுப்ப ஒருவர் போதும். டி.கே.பாசு வழக்கே மேற்கு வங்கத்துச் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் தலைவர் 1986-ல் தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதத்தில் தொடங்கியதுதான். ஒடிசாவில் நீலாபதி பெஹரா என்ற தாய், காவல் நிலையத்துக்குக் கொண்டுபோன தன் 22 வயது மகன் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்ததைப் பற்றி 1988-ல் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதம் மனுவாகவே ஏற்கப்பட்டது. அங்கேயும் போலீஸ் சொன்னது, ‘தப்பி ஓடிவிட்டான்’ என்றுதான். நீதிமன்றம் அதை நம்பவில்லை. அரசு ஒன்றரை லட்ச ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பு வந்தது 1993 மார்ச் மாதம். ராசாக்கண்ணு இறந்ததும் அதே மாதம் என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

புகார் கொடுக்கப் போகிறவருக்கும் இதே பாடம்தான், ஆனால் அங்கே ஏமாற்றம் வேறு விதமாக வருகிறது. தமிழ்நாட்டில் புகார் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். என்ற ரசீதைக் கொடுத்து அனுப்புவார்கள். பெரும்பாலானோர் அதையே எஃப்.ஐ.ஆர். என்று நினைத்து வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். ரசீது மனு வந்து சேர்ந்ததற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகப் புகாரில் தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆக வேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பவும் முடியாது. எந்த நிலையத்திலும் பதியலாம். நகலைக் கட்டணம் இல்லாமல் தர வேண்டும். மறுத்தால் புகாரை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அங்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். இந்த வரிசையில் ஒரு படியைத் தாண்டிவிட்டு அடுத்த படிக்குப் போனால், முந்தைய படிக்குச் சான்று எங்கே என்று நீதிமன்றம் கேட்கும். ரசீதைக் கிழித்துப் போட்டவர் அங்கே கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

இன்னொரு தரப்பு இருக்கிறது. இத்தனை கட்டுப்பாடு போட்டால் திருடன் எப்படிப் பிடிபடுவான், நகை பறிகொடுத்தவருக்கு யார் பதில் சொல்வது என்று கேட்பவர்கள். பறிகொடுத்தவரின் வேதனை உண்மையானது. ஆனால் போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கவே கூடாது என்பது வெள்ளைக்காரன் காலத்துச் சாட்சியச் சட்டத்திலேயே இருந்த விதி. புதிய சாட்சியச் சட்டத்திலும் அது அப்படியே தொடர்கிறது. அடித்து வாங்கும் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. அதனால் அடி, நகை பறிகொடுத்தவருக்கும் உதவுவதில்லை. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் நகை காணாமல் போன புகாருக்காகக் கொண்டுபோகப்பட்ட கோயில் காவலாளி அஜித்குமார் உயிரிழந்தார். தனிப்படை யார் உத்தரவில் விசாரித்தது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு கேட்டது, வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. கம்மாபுரத்துக்கும் மடப்புரத்துக்கும் இடையே 32 ஆண்டுகள். புகார் ஒரே மாதிரி, முடிவும் ஒரே மாதிரி.

ராசாக்கண்ணு வழக்கில் பதின்மூன்று ஆண்டு இழுத்த நீதியை எடுத்துக்காட்டாகச் சொல்லலாமா என்று கேட்டால், அது தாமதமான நீதி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வழக்கில், இல்லாத பதிவுகளை வெளியிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது. ஆட்கொணர்வு மனுவில் வழக்கமாக இல்லாதபடி உயர் நீதிமன்றமே சாட்சிகளை நேரில் விசாரிக்க வேண்டியிருந்தது. முதல் நாளே வெளியில் ஒரு பதிவு இருந்திருந்தால் பார்வதி நிரூபிக்க வேண்டியது பாதியாகக் குறைந்திருக்கும்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்பவர்களுக்கு 1987-ன் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் இருக்கிறது. எடுத்துக்காட்டாக, கடலூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட ஆணைக்குழு, சிதம்பரம், விருத்தாசலம் நீதிமன்றங்களில் வட்டக் குழுக்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே இல்லை; வழக்கறிஞர் இலவசம். தொலைபேசி எண் 15100. மேலே சொன்ன நான்கு வரிக் கடிதத்துக்கு ஆங்கிலம் வேண்டாம், சட்டப் பிரிவு எண்கூட வேண்டாம். அழைத்துப்போன நேரம், வண்டி எண், வந்தவர்களில் யாருடைய பெயராவது தெரிந்தால் அது, பார்த்தவர்கள் யார் யார் என்பது போதும். விரைவு அஞ்சலில் கொடுத்ததும் தபால் ஆபீசில் தரும் சீட்டில் தேதியும் நேரமும் அச்சாகியிருக்கும். அதைப் படம் எடுத்து உறவுக்காரர் இருவரின் கைபேசிக்கு உடனே அனுப்பிவிட்டு, அதன் பிறகு காவல் நிலையத்துக்குப் போங்கள்.