ஆறி முடியாத புண்

சாத்தூர், இருக்கன்குடி வட்டாரத்தில் தீப்புண் தழும்பு எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுற்றிலும் பட்டாசு ஆலைகள். புண் ஆறிய இடத்தில் தோல் தடித்து இறுகி, விரலை நீட்டவிடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அப்படியொரு தழும்பு சிறுநீரகத்துக்குள்ளும் விழும். வெளியே தெரியாது என்பதுதான் வித்தியாசம்.

ஒரு சிறுநீரகத்தில் நெஃப்ரான்கள் எனப்படும் நுண்ணிய வடிகட்டிகள் சுமார் பத்து லட்சம். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடித்து, ஒன்றிரண்டு லிட்டர் தவிர மற்றதையெல்லாம் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. பிறந்த பிறகு புதிதாக ஒரு நெஃப்ரான்கூட உருவாவதில்லை.

சர்க்கரை நோயோ ரத்தக்கொதிப்போ இவற்றைக் காயப்படுத்தும்போது, அடிபட்ட செல்கள் டிஜிஎஃப்-பீட்டா போன்ற புரதங்களைச் சுரக்கின்றன. உடனே பழுதுபார்க்கும் செல்கள் கொலாஜன் நாரைப் பின்னத் தொடங்கும். ஒருமுறை பட்ட சிறு காயமென்றால் வேலை முடிந்ததும் நிறுத்திவிடும். நாள்பட்ட நோயிலோ காயம் தினமும் படுகிறது, பின்னலும் நிற்பதில்லை. நார் பெருகப் பெருக நுண்ணிய ரத்தக் குழாய்கள் குறைகின்றன. ஆக்சிஜன் கிடைக்காமல் தவிக்கும் செல்கள் மறுபடியும் அதே புரதங்களைச் சுரக்கின்றன. தப்பிய நெஃப்ரான்களுக்கும் நிம்மதியில்லை. இறந்தவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்து, அதிக அழுத்தத்தில் அவையும் தேய்கின்றன. முதலில் வந்த நோய் கட்டுப்பட்ட பிறகும் சிலருக்குச் சிறுநீரகம் கெட்டுக்கொண்டே போவது இதனால்தான்.

இதில் எதற்கும் வலி கிடையாது. ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு தெளிவாக ஏறும்போது பாதித் திறன் போயிருக்கலாம். ஆனால் பலருக்கு அதற்கு முன்பே சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசியும். தமிழக அரசு 2023இல் தொடங்கிய ‘சிறுநீரகம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீரைச் சோதிப்பது இதற்காகத்தான்.

கரிசல் வெயிலில் உழைப்பவர்கள் சர்க்கரை இல்லையென்று அசட்டையாக இருக்க வேண்டாம். சர்க்கரையோ கொதிப்போ இல்லாத சிறுநீரக நோய் தமிழக விவசாயத் தொழிலாளர்களிடமும் இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் காணப்படுகிறது; ஆய்வாளர்கள் சந்தேகிக்கும் காரணங்களில் வெயிலும் ஒன்று. உடம்பு வலிக்கு மருந்துக்கடையில் தானே வாங்கி விழுங்கும் மாத்திரைகளும் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம்.

விழுந்த தழும்பைக் கரைக்க மருந்து இன்னும் வரவில்லை. அது பரவும் வேகத்தைக் குறைக்க ராமிப்ரில், லோசார்டன் போன்றவை உண்டு. சர்க்கரைக்கென்று வந்த டாபாகிளிஃப்ளோசின், சர்க்கரை இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் உதவுவதை 2020இல் வெளியான ஆய்வு காட்டியது.