உங்களுக்குத் தெரியுமா? பல்செட்டும் இரவில் தூங்கவேண்டும்!

பல்செட்டைக் கழற்றாமல் தூங்கும் முதியவர்களுக்கு நிமோனியா வரும் அபாயம், கழற்றிவிட்டுத் தூங்குபவர்களைவிட ஏறத்தாழ 2.3 மடங்கு. ஜப்பானில் 85 வயதும் அதற்கு மேலும் ஆன 524 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்த ஆய்வில் (2015) தெரியவந்தது இது.

• கழற்றியதும் தண்ணீரில் போட்டு வையுங்கள். உலர்ந்தால் வடிவம் மாறும். கொதிநீர் கூடவே கூடாது, அக்ரிலிக் வளைந்துவிடும்.

• பற்பசை வேண்டாம். அது போடும் நுண்கீறல்களில் கிருமிகள் குடியேறும். மென்மையான பிரஷும் சோப்பும் போதும்.

• முழு பல்செட்டின் கடிவிசை, சொந்தப் பல்லில் சுமார் கால் பங்குதான். ஆகவே பெங்களூரு மல்லேஸ்வரம்வாசிகளே, புது செட் போட்ட முதல் வாரம் வீணா ஸ்டோர்ஸ் இட்லி. சி.டி.ஆர். உணவகத்தின் பெண்ணெ (வெண்ணெய்) தோசையின் மொறுமொறு ஓரம் பிறகு. கடினமான நிப்பட்டுக்கு (தட்டை) அவசரமே இல்லை!

• இருபுறமும் சேர்த்து மெல்லுங்கள். ஒரு பக்கமாக மென்றால் செட் ஆடும்.

• பேச்சு குழறுகிறதா? நாளிதழை உரக்கப் படியுங்கள்.

• ஈறில் புண் வந்தால் பல் மருத்துவரிடம் போங்கள். வீட்டு அரத்தால் ராவ வேண்டாம்.